கேமை மட்டும் மாற்றாதீர்கள்

நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரிப் பக்கம் பழைய புல்லட்டைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் தம்பிகளுக்கும், அவர்களுக்கு இன்ஜின் பிரித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,



உங்களில் சிலர் இங்கிலாந்திலிருந்து ‘ஹை லிஃப்ட்’ கேம் வரவழைக்கப் பணம் சேர்க்கிறீர்கள் என்றும், இன்னும் சிலர் இருக்கிற கேமிலேயே வெல்டு வைத்துத் தேய்த்துக்கொள்ள ஆள் தேடுகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்துச் சொன்னால், “பெருசுக்கு எதிலும் ஒரு குறை” என்று சிரித்துவிட்டுக் கிக்கரை மிதித்துப் போய்விடுவீர்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம். லேத்துக்கு முன்னால் நின்றே முதுகு வளைந்தவன் சொல்வது, பொறுமையாகப் படியுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பந்தய இன்ஜினில், சுழன்று தன் மேட்டால் வால்வைத் திறக்கும் கேம் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய சாமான். பிஸ்டன், கம்ப்ரஷன், ஹெட், ஸ்பிரிங், கார்புரேட்டர், சைலன்சர், ஓடப்போகும் மைதானம் ஆகிய அத்தனையும் முடிவான பிறகுதான் எந்தக் கேம் என்று கேட்க முடியும். நீங்கள் முதலில் கேமை வாங்கிவிட்டு அதற்கேற்ப மற்றதைத் தேடுகிறீர்கள். பல பேர் தேடுவதும் இல்லை.

நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் புல்லட் இந்தியாவில் தயாராகத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1955-இல், ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் பகுதி சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்த 1962-க்குள் புல்லட்டின் எல்லா உதிரிபாகங்களும் சென்னையிலேயே தயாராகத் தொடங்கிவிட்டன. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. அங்கே நின்றுபோன இன்ஜின் திருவொற்றியூரில் ஓடிக்கொண்டே இருந்தது. வார்ப்பிரும்பு பேரல் வைத்த அந்தப் பழைய அமைப்பு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை உற்பத்தியில் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு வின்டேஜ் பந்தயக்காரர் ஒரு டேப்பட்டுக்காகப் பழைய சாமான் சந்தைகளில் அலைய, உங்களுக்கோ அது காரைக்கால் கடைத்தெருவில் கிடைக்கிறது. இந்த வசதியே உங்களை அவசரப்படுத்துகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பந்தய வரலாறும் நமக்கு அந்நியமில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பந்தயம் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் இரைச்சலோடு தொடங்கிய சோழவரத்தில் பிறகு யெஸ்டியும் யமஹாவும் வந்தன. 1983-இல் ராஜ்தூத் 350 வந்ததும் வேகம் என்றாலே இரண்டு ஸ்ட்ரோக் என்றாகிவிட்டது. இரண்டு ஸ்ட்ரோக்கில் கேம் கிடையாது. பேரலில் இருக்கும் ‘போர்ட்’ துவாரத்தின் உயரத்தைக் கொண்டு எல்லாம் நடக்கும். அரத்தை எடுத்து அரை மில்லிமீட்டர் தேய்த்தால் குணம் மாறும். நம் பட்டறைகளில் ஒரு தலைமுறை முழுக்க அந்த அரத்தோடு வளர்ந்தது. நல்ல கைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் “கொஞ்சம் தேய், ஓட்டிப் பார், மறுபடி தேய்” என்ற அந்தப் பழக்கத்தைக் கேமிடம் கொண்டுபோனால் நடக்காது. கேமின் மேட்டில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலும் வால்வு அதை உணரும். கையால் தேய்த்த கேம் கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், டயல் கேஜ் வைத்தால் முள் நடுங்கும்.

இனி இன்ஜினைத் திறப்போம். 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. அதன் 18 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 5,625 சுற்றில் கிடைத்தது. வலது பக்கம் டைமிங் கவரைக் கழற்றினால் தெரிவது ஒரே நீண்ட தண்டு இல்லை. இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என இரண்டு குட்டைக் கேம்கள், ஒவ்வொன்றும் தன் பல்சக்கரத்தோடு தனித்தனி ஸ்பிண்டிலில் சுற்றுகின்றன. கிராங்கு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 5,500 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 46 தடவை திறந்து மூடுகிறது. கேம் தூக்குவது டேப்பட்டை, டேப்பட் புஷ்ராடை, புஷ்ராடு ராக்கரை, ராக்கர் வால்வை. திரும்பி வருவது ஸ்பிரிங்கின் பொறுப்பு; அது தளர்ந்தால் வால்வு கேமின் பேச்சைக் கேட்காது.

பந்தயக் கேம் இரண்டு விஷயங்களை மாற்றுகிறது: வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது (லிஃப்ட், அதாவது தூக்கம்), எத்தனை டிகிரி திறந்திருக்கிறது. உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வம்பு இரண்டாவதில்தான் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும்போது மதகுப் பலகையை நேரம் கழித்து இறக்கினாலும் வயலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டேயிருக்கும். வரத்து குறைந்த நாளில் அதே நேரத்தில் இறக்கினால் ஏறின தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பிவிடும். இன்டேக் வால்வும் அப்படித்தான். உயர்ந்த சுற்றில் கலவைக்கு ஒரு வேகம் இருக்கிறது, பிஸ்டன் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அது உள்ளே நுழையும். 2,500 சுற்றில் அந்த வேகம் இல்லை. பிஸ்டன் அதைக் கார்புரேட்டருக்கே திருப்பித் தள்ளும். மிக்கார்ப் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் புகை மாதிரித் துப்புவதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் 90 மி.மீ. இன்டேக் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து 60 டிகிரியில் மூடினால், அதற்குள் பிஸ்டன் ஏறக்குறைய 18 மி.மீ. ஏறியிருக்கும்; ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒரு பங்கு. 80 டிகிரியில் மூடினால் 31 மி.மீ.க்கு மேல், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. வால்வு மூடிய பிறகுதான் கம்ப்ரஷன் தொடங்குகிறது. தாளில் 7-க்கு 1 என்று இருக்கும் இன்ஜின், முதல் கேமில் உண்மையாக அழுத்துவது 5.8-க்கு 1, இரண்டாவது கேமில் 4.9-க்கு 1. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சாமான், ஏற்கெனவே குறைவாக இருந்த கம்ப்ரஷனை இன்னும் குறைத்துவிட்டது! கிக்கர் லேசாகிறது, “ஸ்டார்ட் பண்ண சுலபமா இருக்கு அண்ணே” என்று ஒரு தம்பி சந்தோஷமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 4,500 சுற்றுக்கு மேலே ஏதோ கிடைக்கும், அதற்குக் கீழே வண்டி பழையதைவிட மந்தம். ஆகவே கேமை மாற்றுகிறவன் உயர்ந்த தலை வைத்த பிஸ்டனோ, ஹெட்டைச் செதுக்குவதோ ஏதாவது ஒன்று செய்து கம்ப்ரஷனை மேலே கொண்டுவர வேண்டும்.

கம்ப்ரஷனை ஏற்றினால் அடுத்த கேள்வி பெட்ரோல். நம் பெட்ரோல் பங்க்குகளில் விலை குறைவென்று தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து நிரப்புகின்றன, நல்லது. ஆனால் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் அதே ஜெட் வைத்தால் கலவை மெலியும். பெரிய ஜெட் வேண்டும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் அது அரிக்கும். கேம் மாற்றியதால் ‘நாக்கிங்’ வருகிறது என்று சொல்லும் வண்டிகளில் பாதி, மெலிந்த கலவையால் சூடாகித் தட்டுகிறவை.

இப்படி ஒன்று ஒன்றை இழுக்கும். இதைப் பழைய பந்தயக் கம்பெனிகள் நன்றாகவே அறிந்திருந்தன. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர், புஷ்ராடு, கிட்டத்தட்ட நம் புல்லட்டின் பங்காளி. அதை வாங்குகிறவர் சாலைக்கா, டிரயல்ஸுக்கா, ஸ்கிராம்பிளிங்குக்கா, மைதானப் பந்தயத்துக்கா என்று சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். பயன் மாறினால் கேமும் கம்ப்ரஷனும் கியர் விகிதமும் சேர்ந்து மாறும். கடைசியாக வந்த டி.பி.டி.34 பந்தய அமைப்பில் ஏமால் ஜி.பி. கார்புரேட்டர் ஐடிலிங்கில் நிற்காது. நெருக்கமான விகிதம் கொண்ட கியர்பாக்ஸில் முதல் கியரே ஊருக்குள் உதவாத அளவுக்கு நீளம், கிளட்சை நழுவவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஐல் ஆஃப் மேன் கிளப்மேன் பந்தயத்தில் அது ஜெயித்துத் தள்ளியது. பால் வாங்கப் போவதற்கு அது ஆகாது. இரண்டும் ஒரே வண்டியைப் பற்றிய உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கம்பெனி விற்றது. கேமை மட்டும் தனியாக எடுத்து வந்து நம் நான்கு கியர் பாக்ஸோடு பூட்டினால், கியர் மாற்றும்போது சுற்று விழுந்து, கேம் வேலை செய்யும் இடத்துக்குக் கீழே போய்விடும். மறுபடி ஏறுவதற்குள் பக்கத்தில் வந்தவன் போய்விட்டிருப்பான்.

மைதானமும் அப்படித்தான். சோழவரம் ஓடுதளம், நீண்ட நேர்கோடுகள். அங்கே மேல்சுற்று கேமுக்கு வேலை இருந்தது. 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு நகர்ந்தது. அந்தப் பாதை 3.7 கி.மீ., திருப்பங்கள் அதிகம். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் பந்தயக்காரர் கரிவர்தன் பெயரில் இருக்கும் ஸ்பீட்வே அதைவிடச் சிறியது, திருப்பத்திலிருந்து வெளியே இழுக்கும் நடுச்சுற்று டார்க்தான் அங்கே பேசும். ஒரு 350 புல்லட்டைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறவர் என்னிடம் கேட்டால், கம்பெனிக் கேமைவிட ஒரு படி மட்டும் மேலே போகச் சொல்வேன். மிச்சப் பணத்தை ஹெட் வேலையிலும் பிரேக்கிலும் போடச் சொல்வேன். புல்லட்டின் டிரம் பிரேக்கை நம்பி மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் திருப்பத்துக்குப் போகிறவன் தைரியசாலி இல்லை.

ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனை ஓட்டம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பொதுச் சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், நெல் காயப்போட்டிருக்கும் சாலையில் உங்கள் கேமின் திறமையைப் பரிசோதிக்க வேண்டாம்.

இப்போது வேலைக்கு வருவோம். கேம் கையில் வந்துவிட்டது, மாட்டத்தான் போகிறீர்கள். இந்தக் கடிதத்தில் நான் நீட்டி எழுத விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

பிரிக்கும்போதே ஒரு எச்சரிக்கை. டைமிங் பக்கம் கிராங்கின் நுனியில் ஆயில் பம்பைச் சுற்றும் வோர்ம் இருக்கிறதே, அது இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகிப் பார்த்து, வரவில்லை என்று நீளக் குழாயை மாட்டி இழுத்து மரையைக் கொன்றவர்கள் உண்டு.

கேமின் பல்சக்கரங்களில் புள்ளி குத்தியிருக்கும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் வேலை முடிந்தது என்பது கம்பெனிக் கேமுக்குச் சரி. வெளியிலிருந்து வந்த கேமில் பல்சக்கரம் அழுத்திப் பொருத்தப்பட்ட இடத்திலேயே இரண்டு, மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். கிராங்கில் அது இரட்டிப்பாகும். ஆகவே டிகிரி பிளேட் வைத்து அளக்காமல் கவரை மூடாதீர்கள். இடது பக்கம் பிரைமரி கவரைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் ரோட்டர் நட்டு கிடைக்கும். பிளேட்டை அதில் பிடித்து, டிகிரியைக் காட்ட ஒரு கம்பி ஊசியைப் பக்கத்தில் பொருத்தலாம். பிஸ்டனின் மேல் உச்சியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உச்சியில் பல டிகிரிகளுக்குப் பிஸ்டன் நகர்வதே தெரியாது. ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, உள்ளே மரை வெட்டி ஒரு போல்ட்டைப் போட்டு, பிளக் துவாரத்தில் மாட்டுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டில் தட்டி நிற்கும், டிகிரியைக் குறியுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி தட்டும், அதையும் குறியுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்றால் இரண்டும் 41 ஆக வேண்டும். ஊசியை 3 டிகிரி நகர்த்துங்கள். உண்மையான உச்சி இப்போது கிடைத்துவிட்டது.

பிறகு டயல் கேஜை வைத்து வால்வின் அசைவை அளக்க வேண்டும். எங்கே திறக்கத் தொடங்குகிறது என்பதை ‘தொடங்கும் நொடியில்’ அளக்காதீர்கள். கேமின் ஓரத்தில் மெதுவாக ஏறும் சரிவு இருக்கிறது, அங்கே முள் அசைகிறதா இல்லையா என்பது பார்க்கிறவன் கண்ணைப் பொறுத்தது. 1 மி.மீ. தூக்கியதும் ஒரு குறி, இறங்கும்போது 1 மி.மீ. மிச்சமிருக்கையில் ஒரு குறி. உதாரணத்துக்கு, இன்டேக் உச்சிக்கு 35 டிகிரி முன்னால் திறந்து, அடிமட்டம் கடந்து 65-இல் மூடினால், 35, 180, 65 கூட்டி 280 டிகிரி. பாதி 140, அதில் 35 போக 105. அதாவது வால்வு முழுசாகத் திறக்கும் நடுப்புள்ளி உச்சிக்குப் பின் 105 டிகிரியில். கேம் செய்தவர் கொடுத்த தாளில் 105 என்று இருந்தால் மூடலாம். 111 என்று வந்தால்? ஒரு பல் தள்ளிப் போடலாம் என்று கை போகும். கொஞ்சம் யோசியுங்கள். 40 பல் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. ஆறு டிகிரி பிசகைச் சரிசெய்ய 18 டிகிரி தள்ளுவது எந்த ஊர் நியாயம்? பல்சக்கரத்தைக் கேமிலிருந்து கழற்றித் திருப்பி அழுத்த வேண்டும், அல்லது விலகல் வைத்த சாவி (ஆஃப்செட் கீ) செய்ய வேண்டும். அது லேத்துக்காரன் வேலை, கொண்டு வாருங்கள்.

அடுத்தது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. இரண்டு வால்வும் அரைகுறையாகத் திறந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது. எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டிருக்கும், இன்டேக் திறந்துகொண்டிருக்கும். பந்தயக் கேமில் இந்த ஓவர்லேப் நீளும்; உயரமும் கூடும். வால்வு பிஸ்டன் தலையில் இடிக்க வாய்ப்புள்ள இடம், உச்சிக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 10 டிகிரி. இடைவெளியை அளக்கப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசீன் களி போதும். வாய்க்கால் களிமண்ணை அள்ளி வைக்காதீர்கள், அதில் மணல் இருக்கிறது. பிஸ்டன் தலையில் வால்வு வரும் இரண்டு இடத்திலும் ஒட்டி, லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, டேப்பட்டைச் சரி செய்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். தடுத்தால் பலவந்தம் வேண்டாம். ஹெட்டைத் தூக்கி, பதிந்த இடத்தைப் பிளேடால் அறுத்து மிச்சத் தடிமனை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம்? அது சூட்டில் நீளும்; மூடும் வேளையில் பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. ஸ்பிரிங் சற்றே சோர்ந்தாலும் பிஸ்டன் பிடித்துவிடும்.

ஒரு வால்வு மற்ற வால்வை இடிக்குமா என்பதையும் அப்போதே பாருங்கள். பெரிய வால்வு போட்ட ஹெட்டில் இதை மறந்து கெட்டவர்கள் அதிகம்.

ஸ்பிரிங். கேம் 2 மி.மீ. கூடுதலாகத் தூக்கினால் ஸ்பிரிங் 2 மி.மீ. கூடுதலாக நசுங்க வேண்டும். முழுத் தூக்கத்தில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் புஷ்ராடு வளையும், அல்லது கேமின் மேடு பிய்யும். முழுத் தூக்கத்தில் சுருள்களுக்கு நடுவே மொத்தமாக ஒரு மி.மீ.க்கு மேலாவது மிச்சம் வேண்டும். ஸ்பிரிங் தொப்பி வால்வு கைடின் தலையில் இடிக்கவும் கூடாது. ஸ்பிரிங்கின் பலத்தை அளக்க மெஷின் இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியை டிரில் மெஷின் மேடையில் வைத்து, ஸ்பிரிங்கை அதன் மேல் நிறுத்தி, டிரில் கைப்பிடியால் வேண்டிய உயரத்துக்கு அழுத்தினால் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க அது போதும். “கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டால் நிம்மதி” என்பதும் தப்பு. தேவைக்கு மேல் இறுக்கமான ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றிலும் கேமையும் டேப்பட்டையும் அரைக்கிறது, புஷ்ராடை வில்லாக வளைக்கிறது.

டேப்பட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் அடி தட்டை. தட்டை அடியில் கேம் தொடும் இடம் நடுவிலேயே நிற்காது. தூக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு தூரம் ஓரத்துக்கு நகரும். கேம் ஒரு டிகிரி சுற்ற டேப்பட் 0.2 மி.மீ. ஏறுகிறது என்றால், தொடுமிடம் மையத்திலிருந்து 11.5 மி.மீ. வெளியே போகும் (0.2-ஐ 57.3-ஆல் பெருக்குங்கள்). உங்கள் டேப்பட்டின் அடி அந்தப் பக்கம் அவ்வளவு அகலம் இல்லையென்றால் விளிம்பு கேமை உளி மாதிரிச் செதுக்கும். உருளை வைத்த டேப்பட்டுக்கு வரைந்த கேமைத் தட்டை டேப்பட்டில் ஓட்ட முடியாததற்கு இதுவே காரணம். வாங்குமுன் வெர்னியரால் அடியை அளந்துகொள்ளுங்கள்.

வெல்டு வைத்துத் தேய்க்கும் யோசனை பற்றி. முழுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கடினமான உலோகம் வைத்து நிரப்பி, மாஸ்டர் கேமைப் பார்த்து அரைக்கும் கிரைண்டரில் செய்தால் நன்றாகவே உழைக்கும். நம் பக்கம் பெரும்பாலும் நடப்பது வேறு: மேட்டைத் தொடாமல் அடிவட்டத்தைத் தேய்த்துக் குறைக்கிறார்கள். அடிவட்டம் குறைந்தால் தூக்கம் கூடுவது கணக்குப்படி சரி. ஆனால் கேமின் கடினம் தோலோடு நிற்கிறது, ஒரு மி.மீ. உள்ளே போனால் பச்சை இரும்பு. டேப்பட் அதைத் தின்றுவிடும். புஷ்ராடும் அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டதாக அர்த்தம். அட்ஜஸ்டர் மரையின் நுனிக்கு வந்து தொங்கும், கூடிய தூக்கத்தால் ராக்கர் கோணமும் கெடும். கோணம் கெட்டால் ராக்கர் வால்வின் தலையைப் பக்கவாட்டில் தள்ளி கைடைத் தேய்க்கும். அந்தக் கேமில் கிடைத்த பவர், தேய்ந்த கைடு வழியே புகையாகப் போகும்.

கீழேயும் ஒரு கண் வேண்டும். கேம் மேல்சுற்றில் பவர் கொடுக்கிறது என்றால் இன்ஜின் மேல்சுற்றில் ஓட வேண்டும் என்று பொருள். 5,500 சுற்றில் இந்த 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். 7,000-இல் 21 மீட்டர். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிராங்கை இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் கூடும். 5,500-லிருந்து 6,500 போனால் 40 சதவீதம் அதிகம். பழைய இந்தியப் புல்லட்டின் பிக் எண்டில் இருப்பது மிதக்கும் புஷ். சாதாரண ஓட்டத்துக்கு ஆயிரம் வணக்கம் போடலாம் அதற்கு. பந்தயத்துக்கு உருளை பேரிங் வைத்த கனெக்டிங் ராடு வேண்டும், கிராங்கை மறுபடி சேர்த்து நேராக்க வேண்டும், ஆயில் பம்பும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். அதைச் செய்யப் பணமில்லையென்றால் 6,000-க்கு மேல் வேலை செய்யும் கேம் உங்களுக்கு எதற்கு?

முதல் ஸ்டார்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கேமிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். புஷ்ராடு கையால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்ஜின் குளிர்ந்திருக்கையில் பார்க்க வேண்டிய அளவு அது. கேம் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே செல்லும். பெட்ரோல், இக்னிஷன் எல்லாம் முன்பே சரிபார்த்து, ஸ்டார்ட் ஆனதும் இருபது நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், எதிரே ஒரு பெரிய மின்விசிறி வைத்து. புதுக் கேமை ஐடிலிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். குறைந்த சுற்றில் கேமின் மேட்டில் எண்ணெய் தெறிப்பது குறைவு, ஸ்பிரிங்கின் முழுப் பலமும் அங்கேதான் உட்காரும். முதல் சில நிமிடத்தில் தோல் உரிந்தால் பிறகு எந்த எண்ணெயாலும் ஒட்டவைக்க முடியாது. பிறகு எண்ணெயை மாற்றி, வடிகட்டியில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியது ஒன்று. கடல்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் ஓடாமல் நிற்கும் வண்டியில், எண்ணெய் வடிந்த கேமின் மேட்டில் ஊசி முனை அளவுக்குத் துரு பிடிக்கும். அந்தப் புள்ளியிலிருந்தே உரியத் தொடங்கும். நிறுத்தும்போது கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று பேரலுக்குள் போகாது, ஸ்பிரிங்கும் தளர்வாக இருக்கும். நிறுத்துமுன் புது எண்ணெய் ஊற்றி ஓட்டிவிட்டு நிறுத்துவது இன்னும் நல்லது. பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும்.

இவ்வளவு அளந்து செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் பர்ட் மன்ரோ என்று ஒருவர் இருந்தார். 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் ஒன்றை வாங்கி, வாழ்நாள் முழுக்க அதையே பிரித்துச் சேர்த்தார். கேம், பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் தன் கொட்டகையிலேயே செய்தார். 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் 1,000 சி.சி.க்குக் கீழான பிரிவில் மணிக்கு 184 மைல் வேகத்தில் சாதனை செய்தார். உடைந்துபோன சாமான்களையெல்லாம் தூக்கிப் போடாமல் ஒரு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார், வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்று பெயர் எழுதி. நீங்கள் உடைந்த புஷ்ராடைப் பழைய இரும்புக்காரனிடம் போடுகிறீர்கள். எங்கே வளைந்தது, எந்தச் சுற்றில், எந்த ஸ்பிரிங்கோடு என்று அதிலேயே ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டால் அடுத்தவன் பிழைத்துக்கொள்வான். சோழவரத்துக் காலத்தில் இன்ஜின் கட்டியவர்களின் கைப்பழக்கம் பெரும்பாலும் அவர்கள் கையோடு நின்றது. அளவுகள் நோட்டில் ஏறியது குறைவு. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கேமுக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறவர்கள் பணம் அனுப்புமுன் விற்பவரிடம் ஐந்து விவரம் எழுத்தில் கேளுங்கள்: 1 மி.மீ. தூக்கத்தில் எத்தனை டிகிரி, வால்வில் எத்தனை மி.மீ. தூக்கம், நடுப்புள்ளி எத்தனை டிகிரி, எந்த ஸ்பிரிங், குறைந்தபட்சக் கம்ப்ரஷன் எவ்வளவு. ‘ஸ்டேஜ் டூ’, ‘ஸ்டேஜ் த்ரீ’ என்று மட்டும் பதில் வந்தால் வாங்காதீர்கள். பதில் வந்தவர்கள் அந்தத் தாளையும், உங்கள் ஹெட்டையும், ஒரு டேப்பட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு வாருங்கள். டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிசீன் நீங்கள் கொண்டு வர வேண்டும்.

அன்புடன்,
நெடுங்காட்டு லேத்துக்காரன்